முழுகாமல் இருக்கும் பெண்ணுக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டுச்சோறு விருந்து முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்ணைச் சுற்றி ஆளுக்குப் பஞ்சமிருக்காது. அமிச்சி (அம்மாவைப் பெற்றவள்), அத்தை, பக்கத்து வீட்டு அக்கா, மகளிர் குழுத் தோழி என்று எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கும். பிரசவம் பற்றிய முடிவு மட்டும் டாக்டர் அறைக்கு வெளியே, புருஷனும் அப்பாவும் நின்று பேசுகிற வராந்தாவில் நடந்துவிடும். பெண்ணுக்குத் தெரிவது கையெழுத்துப் போடும்போதுதான். முதல் தவறு இது.

இதைத் தவிர்க்க, செக்கப்புக்கு முந்தின நாள் அவளோடு உட்கார்ந்து அவளுடைய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். டாக்டரிடம் அவளே கேட்கட்டும். அவள் விட்டதை நீங்கள் நினைவூட்டினால் போதும். ஆபரேஷன் என்றால் நான்கு கேள்வி: எதனால்? இன்றைக்கே செய்ய வேண்டுமா? காத்திருந்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன ஆகலாம்? வேறு வழி உண்டா? குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கும் வேளையில் இதையெல்லாம் பேச நேரமிருக்காது. அதனால் எட்டாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குச் சுமார் 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64. இதில் தேவையானதும் உண்டு, தவிர்த்திருக்கக்கூடியதும் உண்டு. அந்தக் கேள்விகளை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். தையல் போட்டுப் படுத்திருப்பவளிடம் போய் "எங்க காலத்துல எல்லாம் சுகப்பிரசவந்தான் கண்ணு" என்று சொல்வது பெரிய கொடுமை.

அடுத்தது நாள் குறிப்பது. சித்திரையில் பிள்ளை பிறந்தால் ஆகாது, பங்குனியிலேயே எடுத்துவிடலாம் என்று ஜோசியரிடம் நேரம் வாங்கி வருகிறார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள், அதாவது 40 வாரம், கணக்கிட்டுத்தான் பிரசவத் தேதி போடுகிறார்கள். மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன்னால் எடுத்தால் குழந்தை மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வாய்ப்பு கூடும். ஒவ்வொரு ஸ்கேனிலும் தேதி முன்பின்னாக வரும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் சொல்லும் தேதிதான் நம்பகமானது. பின்னால் எடுப்பவை குழந்தையின் பருமனை வைத்துக் கணிப்பவை.

முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததும் சிசேரியன்தான் என்று முடிவு கட்டிவிடுவதும் தவறு. சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்பதற்குப் பல காரணங்களைப் பார்ப்பார்கள். முக்கியமானது, கருப்பையில் குறுக்கே வெட்டினார்களா, நெடுக்கே வெட்டினார்களா என்பது. வயிற்றுத் தோலில் உள்ள தழும்பு அதைச் சொல்லாது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரிதான் சொல்லும். அது கிடைக்காவிட்டால் அந்த மருத்துவமனையிலேயே நகல் கேட்டு வாங்குங்கள். இந்த முயற்சியை உடனே ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் வசதியுள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தவள் கோபிக்கோ தாராபுரத்துக்கோ பிரசவத்துக்கு வருகிறாள். பட்டுச்சேலை, சீர்த்தட்டு எல்லாம் வண்டியில் ஏறுகின்றன; ஃபைல் மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை அளவு, ஸ்கேன் எல்லாம் அதில்தான். தாய் சேய் நல அட்டை, ஆர்.சி.ஹெச். எண் (கர்ப்பத்தை அரசு சுகாதாரத் துறையில் பதியும்போது தரும் எண்), ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து, வந்த வாரமே உள்ளூர் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்துவிடுங்கள்.

இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு கொடுக்காதீர்கள், கால்சியம் மாத்திரையோடும் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்புச் சத்தினால்தான். அதற்காக நிறுத்த வேண்டாம்.

"அசைவு கொறைஞ்ச மாதிரி இருக்குது" என்று அவள் சொன்னால், "மாசம் ஆயிருச்சு, உள்ள எடமில்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சமாதானம் சொல்வது ஆபத்து. கடைசி வாரம்வரை குழந்தை அசையத்தான் வேண்டும். இடது பக்கம் படுத்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 அசைவு தேறாவிட்டால் விடியட்டும் என்று இருக்காமல் கிளம்புங்கள். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, விடாத தலைவலியோடு கண் மங்குவது என்றால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், உடனே 108. கடம்பூர், பர்கூர் மலைப் பக்கம் என்றால் வண்டி வந்து சேரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, பிரசவத் தேதிக்குச் சில நாள் முன்பே அடிவாரத்துக்கு இறங்கிவிடுவது நல்லது.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அரசு மருத்துவமனைகளிலும் அனுமதிக்கிறார்கள். யார் போவது என்பதை மாமியாரும் சம்பந்தியும் பேசித் தீர்மானிக்கக் கூடாது. யார் பக்கத்தில் இருந்தால் அவளுக்குத் தைரியம் வருமோ அவர் போகட்டும். உள்ளே போகிறவரின் வேலை முதுகு தேய்ப்பது, தண்ணீர் கொடுப்பது, நிற்கவும் நடக்கவும் தாங்குவது. "முக்கு, முக்கு" என்று அவசரப்படுத்துவது அவர் வேலையில்லை.

காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்), குடும்பக் கட்டுப்பாடு பேச்சை வலி உச்சத்தில் எடுக்க விடாதீர்கள். அந்த நேரத்தில் வாங்கும் சம்மதம் சம்மதமே அல்ல. காப்பர்-டியை நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள்ளோ 48 மணி நேரத்துக்குள்ளோ வைப்பார்கள். அதனால் வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே முன்கூட்டி முடிவு செய்து, செக்கப்பின்போது டாக்டரிடம் சொல்லி அட்டையிலும் எழுத வைக்க வேண்டும். வைத்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கிறதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் அவளோடு சேர்ந்து படித்துப் பாருங்கள்.