மரப்பு ஊசி முழுப் பலன் தர நோயாளி செய்ய வேண்டியவை

பல்வலி வந்தால் முதலில் கிராம்பு, பிறகு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, கன்னம் வீங்கிய பின்பே மருத்துவர் என்னும் வரிசை கடலூரிலும் புதுச்சேரியிலும் இன்னும் மாறவில்லை. "ஊசி போட்டும் எனக்கு மரக்கவே இல்லை" என்று சொல்பவர்களில் பலர் அந்த வரிசையில் கடைசிக் கட்டத்தில் வந்தவர்களே. பல் மருத்துவத்தில் பெரும்பாலும் பயன்படும் மரப்பு மருந்தான லிக்னோகைன், நரம்பின் உறையைக் கடந்து உள்ளே சென்றால்தான் வலி உணர்வை நிறுத்தும். சீழ் கோத்த இடத்தில் அமிலத்தன்மை மிகுந்திருப்பதால், மருந்தின் பெரும்பகுதி அந்த உறையைக் கடக்க இயலாத வடிவத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே வலி விட்டுவிட்டு வரும்போதே பல்லைக் காட்டிவிடுவது நல்லது. வீங்கிய பின் சென்றால், சீழை வெளியேற்றிவிட்டுப் பல் எடுப்பதை மருத்துவர் சில நாள் தள்ளிவைக்கக்கூடும்; அதை அலைக்கழிப்பாக எண்ண வேண்டாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் ஒதுக்கி வைக்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். அது ஈறை வேகவைத்துவிடும்.

சிகிச்சை நாளில் வெறும் வயிற்றோடு செல்லக் கூடாது. கோரிமேட்டிலோ சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ உள்ள பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வோர், ஓ.பி. சீட்டு வரிசைக்காக விடியற்காலையில் கிளம்பி, நண்பகல் வரை ஒன்றும் உண்ணாமல் அமர்ந்திருப்பதுண்டு. பசியும் பயமும் சேர்ந்தால் ஊசியைக் கண்டதுமே மயக்கம் வரும். நான்கு இட்லி சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டே செல்லலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்தக் கூடாது. இதய நோய், கர்ப்பம், முன்பு ஏற்பட்ட ஒவ்வாமை ஆகியவற்றை முன்கூட்டியே சொல்ல வேண்டும். "ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, அன்று தடிப்பும் அரிப்பும் வந்தனவா, மூச்சுத் திணறியதா, வியர்த்து மயங்கினோமா என்று நடந்ததை விவரிப்பதே பயன் தரும். லிக்னோகைனுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. மருந்தோடு சேர்க்கப்படும் அட்ரினலின் சில நிமிடங்களுக்கு நெஞ்சைப் படபடக்கச் செய்யும்; அது தானே அடங்கிவிடும்.

நாற்காலியில் அமர்ந்தபின், ஊசி குத்தும் இடத்தில் மரப்பு ஜெல் தடவ முடியுமா என்று தயங்காமல் கேட்கலாம். குத்தும் வலியைவிட, மருந்து வேகமாக உள்ளே செல்லும்போது திசு விரிவதால் எழும் வலியே பெரிது. மெதுவாகச் செலுத்தினால் அது வெகுவாகக் குறையும். மேல்தாடையின் வெளிப்புற எலும்பு மெல்லியது என்பதால் பல்லின் அருகே போடும் ஊசியே போதும். ஆனால் மேலண்ணத்தில் போடுவது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். கீழ்க் கடைவாய்ப் பல்லைச் சுற்றியுள்ள எலும்பு கெட்டியானது. அதனால் தாடையின் பின்புறம், நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தருகே மருந்து செலுத்தப்படுகிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் சற்று மாறுவதால், கைதேர்ந்தவர் போட்டாலும் முதல் ஊசி சில வேளை தவறும்.

கீழ்த்தாடை ஊசி என்றால், அந்தப் பக்கத்துக் கீழுதடு நடுக்கோடு வரை தடித்தது போல் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம்கூட ஆகலாம். உதடு மரத்த பின்பும் பல்லில் உணர்வு மிஞ்சியிருக்கக்கூடும். பல்லை அசைக்கும்போது அழுத்தம் தெரிவது இயல்பு. சுருக்கென்ற வலி தெரிந்தால் உடனே இடக்கையை உயர்த்த வேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதில் எந்தப் பெருமையும் இல்லை. மறு ஊசிக்கு அஞ்சவும் வேண்டாம்: 2 சதவீத மருந்தில் 2 மி.லி.க்கு 40 மி.கி. லிக்னோகைன் உள்ளது; அட்ரினலின் சேர்ந்திருந்தால், 60 கிலோ எடையுள்ள ஆரோக்கியமான பெரியவருக்கு உச்ச வரம்பு ஏறத்தாழ 420 மி.கி. ஆகவே இன்னொரு 2 மி.லி. போட்டாலும் வரம்பை எட்டாது. குழந்தைகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் கணக்கு வேறு.

உதட்டு மரப்பு இரண்டு, மூன்று மணி நேரம் நீடிக்கும். புதுச்சேரியில் பல்லைக் காட்டிவிட்டுக் கடலூர்ப் பேருந்தில் ஏறும் குழந்தை, ஊர் வந்து சேர்வதற்குள் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதுண்டு. பக்கத்தில் இருப்பவர் அதன் வாயைக் கவனித்தபடியே இருக்க வேண்டும். மரப்பு தெளியும்வரை சூடான டீயும் மீன் முள்ளும் வேண்டாம். வலி நிவாரண மாத்திரையை வலி ஏறிய பின் விழுங்குவதைவிட, மரப்பு முழுதாகத் தெளியுமுன் எடுப்பதே சிறந்தது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுபுரூஃபன் தவிர்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை இபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது.

மறுநாளும் உதடு மரத்தே இருந்தாலோ வாய் திறக்க முடியாமல் போனாலோ சிகிச்சை அளித்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீக்கம் கழுத்துக்கு இறங்கி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், விடியட்டும் என்று காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.