கொரியப் புத்தர் சிலைகள்: சறுக்கும் இடங்கள்

சியோல் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு தனி அறையில் இரண்டே சிலைகள் இருக்கின்றன. இடக்கால் கீழே தொங்க, வலக்கால் அதன் தொடைமேல் கிடக்க, வலக்கை விரல் கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். படம் பகிர்பவர்கள் பெரும்பாலும் "தியானப் புத்தர்" என்று போட்டுவிடுகிறார்கள். அவர் புத்தர் இல்லை, போதிசத்துவர், அதாவது புத்தராகும் பாதையில் இருப்பவர். தலையைப் பாருங்கள், கிரீடம் இருக்கிறது. துறவியான புத்தருக்கு அந்தக் காலச் சிற்பி கிரீடம் வைப்பது அபூர்வம்.

சரி, எந்தப் போதிசத்துவர்? வருங்காலப் புத்தரான மைத்ரேயர் என்று அடித்துச் சொல்லாதீர்கள். சிலையில் பெயர் பொறிக்கப்படவில்லை. இளவரசர் சித்தார்த்தர் என்போரும் உண்டு. "சிந்தனையில் ஆழ்ந்த போதிசத்துவர்" என்று எழுதினால் வம்பில்லை. அப்புறம், அது தங்கச் சிலையும் அல்ல. வெண்கலத்துக்குப் பொன்முலாம் பூசியது.

கிடைத்த ஊரையே செய்த ஊராக எடுத்துக்கொள்வது இன்னொரு சறுக்கல். 1963-இல் தென்கோடி உய்ரியோங்கில் சுமார் 16 செ.மீ. உயரப் புத்தர் ஒன்று கிடைத்தது. இடத்தை மட்டும் பார்த்தால் அது பழங்கொரியாவின் தெற்கு அரசுகளின் வேலை என்று தோன்றும். ஆனால் முதுகுப் பக்க ஒளிவட்டத்தில் வடக்கு அரசான கோகுரியோவின் பெயரே வெட்டியிருக்கிறது. ஆயிரம் சிலைகளில் 29-ஆவதாம். ஒரு சாண் உயரச் சிலை எங்கும் பயணிக்கும் அல்லவா?

புயோவில் 1993-இல் சேற்றிலிருந்து எடுத்த, தென்மேற்கு அரசான பேக்சேயின் தூபக்கலத்தையும் முழுக்கப் பௌத்தம் என்று முத்திரை குத்த முடியாது. கோயில் இருந்த இடத்தில்தான் கிடைத்தது, உண்மை. கீழே தாமரையும் இருக்கிறது. மேலே பாருங்கள்: அடுக்கடுக்கான மலைகள், சித்தர்கள், ஐந்து இசைக்கலைஞர்கள், உச்சியில் ஃபீனிக்ஸ். இது சீனத் தாவோ மரபின் உலகம். மலைகளுக்குப் பின்னால் துளைகள் வைத்திருக்கிறார்கள். புகைந்தால் மலையில் மேகம் தவழும். என்ன கைவேலை!

எனக்கு அதிகம் உறுத்துவது புத்தரின் எச்சங்களை (தாதுக்களை) வைக்கும் தாதுப் பேழை விஷயம்தான். அதே புயோவில் உள்ள வாங்ஹுங்சா கோயில் தளத்தில் 2007-இல் கிடைத்தவை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று: வெளியே வெண்கலம், உள்ளே வெள்ளி, அதற்குள் தங்கம். எல்லோரும் தங்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். எழுத்து இருப்பதோ அழகில் கடைசியான வெண்கலப் பேழையில். இறந்த மகனுக்காகப் பேக்சே அரசர் 577-இல் கோயில் எழுப்பினார் என்கிறது அது. வைத்த தாதுக்கள் இரண்டு, புதைக்கும்போது தெய்வச் செயலால் மூன்றாயின என்றும் சொல்கிறது.