ரயில் கற்றாழை நாரில் ரெசின் பலகை

ஓரடிக்கு ஓரடி, 3 மி.மீ. கனம். இதற்கு நார் 80 கிராம், பாலியெஸ்டர் ரெசின் (இறுகிக் கெட்டியாகும் பிளாஸ்டிக் திரவம்) 300 கிராம் வேண்டும்.

பிளாஸ்டிக் வாளியில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதில் 100 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாமேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம். நாரை 4 மணி நேரம் ஊறவிட்டு, வழவழப்பு போகும்வரை அலசுங்கள். கடைசி அலசலில் கொஞ்சம் வினிகர்.

நாரைக் காயவைப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். காரைக்குடி வெயிலாயிற்றே என்று ஒரே நாளில் எடுத்துவிடக் கூடாது. வளவில் (வீட்டு முற்றத்தில்) பரப்பி, காலையும் மாலையும் எடை போடுங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. ஈரம் மிஞ்சினால் நாரைச் சுற்றி வெள்ளை மூட்டமும் குமிழும் வரும்.

ஆத்தங்குடித் தரைக்கல் போலவே இதற்கும் கண்ணாடிதான் அச்சு. பளபளப்பு அதிலிருந்தே வருகிறது. கண்ணாடியில் மெழுகு தேய்த்து, 3 செ.மீ. துண்டுகளாக வெட்டிய நாரைச் சீராகப் பரப்புங்கள்.

ரெசினில் முதலில் 3 கிராம் கோபால்ட்டை (இறுகுவதை விரைவாக்கும் திரவம்) நன்றாகக் கலக்கி, பிறகே 3 கிராம் கேட்டலிஸ்ட் (ரெசினை இறுகவைக்கும் திரவம்) சேருங்கள். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ரெசினை நார்மேல் ஊற்றி, உருளையால் காற்றை வெளியேற்றி, ஓரங்களில் 3 மி.மீ. பட்டை வைத்து, மெழுகு தேய்த்த இன்னொரு கண்ணாடியால் மூடிச் செங்கல் ஏற்றுங்கள். மறுநாள் பிரிக்கலாம்.

ஒடித்துப் பார்த்தால் நார் ரெசின் ஒட்டாமல் மொட்டையாக உருவிக்கொண்டு வருகிறதா? சோடாவில் ஊறியது போதவில்லை. அறுத்த ஓரங்களில் ரெசின் பூசாவிட்டால் மழைக்காலத்தில் ஊதும்.