திரும்பும் முன் பின்னால் பாருங்கள்: சிங்கப்பூர்ச் சாலையில் சைக்கிள் ஓட்டப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரில் சைக்கிள் ஓட்டிய பழக்கத்தோடு சிங்கப்பூர் வருபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கேயும் வண்டிகள் சாலையின் இடப்பக்கம்தான் போகின்றன. மதுரையிலிருந்து வந்தாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தாலும் பக்கம் மாற்றிப் பழக வேண்டியதில்லை. மாற்ற வேண்டியது வேறொரு பழக்கத்தை. ஊரில் பின்னால் வரும் லாரியும் பஸ்ஸும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் முந்தும். சத்தம் கேட்காத வரை பின்னால் ஒன்றும் இல்லை என்றே நம் உடம்பு எடுத்துக்கொள்ளும். இங்கே ஓட்டுநர்கள் ஹாரனை அரிதாகத்தான் தொடுவார்கள். மின்சாரக் கார்களும் மின்சாரப் பேருந்துகளும் ஓடுவதால் எஞ்சின் இரைச்சலையும் நம்ப முடியாது. சாலை அமைதியாக இருக்கும்போதே பின்சக்கரத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு வண்டி வந்துகொண்டிருக்கலாம். ஊரில் காது செய்த வேலையை இங்கே கழுத்துதான் செய்ய வேண்டும்.

முதலில், எங்கே ஓட்டலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விரைவுச்சாலைகளில் சைக்கிளுக்கு இடமே இல்லை. மற்ற சாலைகளில் ஓட்டலாம், ஆனால் தலைக்கவசம் கட்டாயம். நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், மிதிவண்டிப் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் வரை போகலாம். மிதிவண்டிப் பாதையை ஒட்டி நடப்பவர்களுக்கென்றே தனிப் பாதை இருந்தால், 2025 ஜூலை முதல் அதில் சைக்கிள் ஓட்டக் கூடாது. மின்சார உதவியுள்ள சைக்கிளை எந்த நடைபாதையிலும் ஓட்ட முடியாது. அதற்குப் பதிவும் எழுத்துத் தேர்வும் வேண்டும். யாராவது மலிவாகத் தருகிறார்கள் என்று விசாரிக்காமல் வாங்கிவிடாதீர்கள்.

கழுத்தைத் திருப்பும் முறை

நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் ஆபத்து பெரும்பாலும் வலது தோளுக்குப் பின்னாலிருந்துதான் வரும். எனவே முதலில் பழக வேண்டியது வலப்பக்கப் பார்வை. கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பினால் போதாது. முகவாய் வலது தோளை நெருங்கும் அளவுக்குத் தலை திரும்பினால்தான் உங்கள் லேனும் அடுத்த லேனும் முழுதாகத் தெரியும்.

இதில் எல்லோருக்கும் நேரும் தவறு ஒன்றுதான்: தலை திரும்பும் பக்கமே சைக்கிளும் போய்விடும். தலையோடு தோள் திரும்புகிறது. தோள் வலது கையைப் பின்னுக்கு இழுக்கிறது. ஹேண்டில்பார் வலப்பக்கம் சாய்கிறது. பின்னால் கார் வருகிறதா என்று பார்க்கப் போய், அந்தக் காரின் வழியிலேயே நுழைந்துவிடுகிறோம். கைகள் விறைப்பாக இருந்தால் இது இன்னும் மோசமாகும். பிடியைத் தளர்த்துங்கள், முழங்கைகள் சற்று மடங்கியே இருக்கட்டும். அப்படியும் வண்டி விலகினால் வலது கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து வலது தொடைமேல் வைத்துக்கொண்டு திரும்பிப் பாருங்கள். தோளை ஹேண்டில்பாரோடு கட்டிப்போட இப்போது கை இல்லாததால் சைக்கிள் நேராகப் போகும். ஆனால் அந்த நேரத்தில் இடது கையில் உள்ள ஒரு பிரேக் மட்டுமே உங்களுக்கு உண்டு. சைக்கிள் வாங்கிய அன்றே எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். இடது லீவர் முன்சக்கரத்துக்கானது என்றால், அதை மட்டும் சடாரென அழுத்தும்போது தலைகுப்புற விழ வாய்ப்புண்டு.

ஒரே பார்வையில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலாதீர்கள். 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடி திரும்பிப் பார்த்தால், முன்னால் ஐந்தரை மீட்டர் பார்க்காமலே கடந்திருப்பார். அதற்குள் ஒரு கார்க் கதவு திறக்கலாம், ஒரு பள்ளம் வரலாம். முன்னால் வழி காலியாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, அரை நொடிப் பார்வையாக இரண்டு முறை பாருங்கள். முதல் பார்வையில் வண்டி இருக்கிறதா என்று தெரியும். இரண்டாவதில் அது எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று தெரியும்.

வரிசை இதுதான்: பார், கை காட்டு, மறுபடி பார், நகரு. வலப்பக்கம் போவதென்றால் வலது கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். இடப்பக்கத்துக்கு இடது கை. நடுவில் வரும் அந்த இரண்டாவது பார்வையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கை காட்டிவிட்டோம், இனி அவர்கள் வேகத்தைக் குறைப்பார்கள் என்று நினைத்துவிடுவதே காரணம். கை காட்டுவது ஒரு கோரிக்கை மட்டுமே, அதனால் வழியுரிமை வந்துவிடாது. பின்னால் வருபவர் விட்டுக்கொடுத்தாரா என்பதை இரண்டாவது பார்வைதான் சொல்லும்.

இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் மூன்று, நான்கு நொடிகளாவது ஆகும். இங்கே பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு 50. சில பெரிய சாலைகளில் 60 அல்லது 70. நீங்கள் 20-ல் போகும்போது, 50-ல் வரும் கார் நொடிக்கு 8 மீட்டர் உங்களை நெருங்குகிறது. 50 மீட்டர் பின்னால் இருந்தால் உங்களை எட்ட 6 நொடி. அதே கார் 70-ல் வந்தால் மூன்றரை நொடிதான். முதல் சாலையில் நீங்கள் தாராளமாக நகரலாம் என்ற இடைவெளி இரண்டாவது சாலையில் போதவே போதாது. ஆகவே சாலை ஓரத்து வேகப் பலகையைச் சைக்கிள்காரரும் படிக்க வேண்டும்.

எங்கெல்லாம் தவறு நேர்கிறது

இடது ஓரத்தில் நிற்கும் லாரியைச் சுற்றிப் போவது தினசரி நடக்கும் காரியம். தேக்காவில், தொழிற்பேட்டைச் சாலைகளில், கடைகளுக்குச் சரக்கு இறக்கும் எந்தத் தெருவிலும் இதைப் பார்க்கலாம். லாரியின் முதுகை முட்டும் தூரம் வரை ஓரமாகவே வந்து, கடைசி நொடியில் வலப்பக்கம் வளைந்தால் பின்னால் வருபவருக்கு உங்களைக் கவனிக்க நேரமே இருக்காது. 30, 40 மீட்டருக்கு முன்பே பார்த்து, கை காட்டி, மெதுவாக நகர்ந்து, லாரிக்கு ஒரு மீட்டராவது தள்ளிக் கடந்து போங்கள். கதவு திறந்தாலும் அந்த ஒரு மீட்டர் காப்பாற்றும். வரிசையாக வண்டிகள் நின்றால் ஒவ்வொன்றின் இடைவெளியிலும் புகுந்து புகுந்து வெளியே வராதீர்கள், ஒரே நேர்கோட்டில் போய்விடுங்கள்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து வலப்பக்க விளக்கை மின்னவிட்டுப் புறப்படும் பேருந்துக்கு வழிவிடுங்கள். நிற்கும் பேருந்தை முந்துவதானால் பின்னால் பார்த்து வலப்பக்கமாகவே முந்துங்கள். பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் நுழையவே கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஸ்லிப் ரோடு என்பது எங்கள் கருத்து. பெரிய சந்திப்புகளில் சிக்னலுக்கு முன்பே இடப்பக்கம் வளைந்து பிரியும் வழி அது. நீங்கள் நேராகப் போக வேண்டும். இடது ஓரத்திலேயே இருக்கிறீர்கள். பின்னால் வரும் கார் உங்களை முந்தி, உங்கள் முன்சக்கரத்தை உரசிக்கொண்டு இடப்பக்கம் திரும்பிவிடும். ஓட்டுநரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஓரமாகப் போகும் சைக்கிளும் இடப்பக்கம்தான் திரும்பப் போகிறது என்று அவர் எண்ணிவிடுகிறார். ஸ்லிப் ரோடு பிரியும் இடத்துக்கு நன்றாக முன்பே வலத்தோள் பார்வை பார்த்து, இடைவெளி கிடைத்தால் நேராகப் போகும் லேனின் நடுவுக்கு வந்துவிடுங்கள். இடைவெளி கிடைக்கவில்லையா? ஓரமாக நின்று வண்டிகளைப் போகவிடுங்கள். அரை நிமிடம்தான் போகும்.

மூன்று, நான்கு லேன்களைத் தாண்டி வலப்பக்கம் திரும்புவதைப் புதியவர்கள் முயலவே வேண்டாம். சந்திப்புக்கு வந்ததும் இறங்கி, பச்சை மனிதன் எரியும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இரண்டு முறை கடந்தால் அதே இடத்துக்குப் போய்விடலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

துவாஸ், ஜூரோங், கிராஞ்சிப் பக்கத் தங்குவிடுதிகளிலிருந்து வேலைக்குச் சைக்கிளில் போகிறவர்கள் ட்ரைலர்களோடுதான் சாலையைப் பகிர வேண்டியிருக்கும். அந்த ஓட்டுநரின் இருக்கை உயரமானது, வலப்பக்கம் இருப்பது. அவருடைய இடது முன்மூலையை ஒட்டி நிற்பவர் அவர் கண்ணில் படமாட்டார். ட்ரைலர் இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சிக்னலில் நிற்கும் ட்ரைலரின் இடப்பக்கமாக முன்னேறாதீர்கள், அதன் பின்னால் நில்லுங்கள். பின்னாலிருந்து ட்ரைலர் நெருங்குவதைப் பார்த்துவிட்டால் நகரும் எண்ணத்தை விட்டுவிட்டு, நேர்கோட்டில் போய் அதை முந்தவிடுங்கள். சைக்கிளை முந்தும்போது குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும் என்பது வாகன ஓட்டிகளுக்கான வழிகாட்டுதல். எல்லா வண்டியும் விடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

இடத்தோள் பார்வையும் தேவை. லாரியைக் கடந்து ஓரத்துக்குத் திரும்பும்போதும் இடப்பக்கம் வளையும்போதும் உங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே இன்னொரு சைக்கிள் வந்துகொண்டிருக்கலாம். பூங்கா இணைப்புப் பாதையில் நடப்பவர்களை முந்தும்முன் வலத்தோளைப் பாருங்கள். மின்சார உதவியோடு 25-ல் வருபவர் சத்தமின்றி நெருங்கியிருப்பார்.

கண்ணாடி, இருட்டு, மழை

ஹேண்டில்பாரில் வலப்பக்கம் ஒரு கண்ணாடி மாட்டுவது நல்லது. ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது: குவிந்த கண்ணாடியில் வண்டி சிறிதாகவும் தொலைவிலும் இருப்பதாகத் தோன்றும், அதிர்வில் பிம்பம் கலங்கும், உங்களுக்குச் சரிபக்கத்தில் வந்துவிட்ட வண்டி அதில் தெரியாது. கண்ணாடியில் வண்டி தெரிந்தால் நகராதீர்கள். தெரியாவிட்டால் கழுத்தைத் திருப்பி உறுதிசெய்த பிறகே நகருங்கள்.

இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணி அளவில்தான் உதிக்கிறது, மாலை 7 மணி அளவில் மறைகிறது. காலை 6 மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவருக்கு அது இருட்டு. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் போடுங்கள். இருட்டில் பின்னால் தெரியும் ஒற்றை விளக்கு தொலைவிலுள்ள மோட்டார் சைக்கிளா, அருகிலுள்ளதா என்று ஒரு பார்வையில் சொல்ல முடியாது. விளக்கு பெரிதாகிக்கொண்டே வருகிறதா என்று இரண்டாவது பார்வையில் கவனியுங்கள்.

மழைக்கோட்டின் தொப்பி தலையோடு திரும்பாது. நீங்கள் திரும்பிப் பார்க்கும்போது துணியின் உள்பக்கம்தான் தெரியும். தொப்பியைத் தலைக்கவசத்துக்கு உள்ளே போட்டுப் பட்டையை இறுக்கினால் கூடவே திரும்பும். தோளுக்கு மேல் உயர்ந்து நிற்கும் முதுகுப்பையும் பார்வையை மறைக்கும், அதைக் கீழிறக்கிக் கட்டுங்கள். ஈரமான வெள்ளைக் கோடுகளும் வடிகால் இரும்பு மூடிகளும் வழுக்கும், அவற்றின் மேல் போகும்போது தலையைத் திருப்ப வேண்டாம்.

சாலையில் இறங்கும்முன் ஆள் நடமாட்டமில்லாத அகலமான பாதையில் பழகுங்கள். தரையில் நேர்கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் மெதுவாக ஓட்டுங்கள். நண்பர் ஒருவர் 20 மீட்டர் பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும். நீங்கள் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்லுங்கள். எண்ணும் சரியாக இருந்து, சக்கரமும் ஒரு சாண் அகலத்துக்கு மேல் விலகாமல், பத்து முறை தொடர்ந்து வந்துவிட்டால் வலது கையை நீட்டியபடி அதையே செய்யுங்கள். அதுவும் சரியாக வந்த பிறகு, ஞாயிறு காலையில் ஒரு குடியிருப்புச் சாலையில் தொடங்கலாம்.