வடமராட்சி கிழக்குக் கரையில் மூன்று நாள் நடை: கொழும்பிலிருந்து திட்டமிடுவது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்காட்டில் தொடங்கி நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி வழியாகத் தெற்கே வெற்றிலைக்கேணி நோக்கி நடப்பதற்கான திட்டம் இது. அதற்கும் தெற்கே சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா. அனுமதி எடுக்காமல் அங்கே நுழைய வேண்டாம்.

1. காலம்: பெப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முற்பகுதி வரை நல்லது. ஒக்டோபரில் தொடங்கும் மாரிமழையில் கடல் கொந்தளிக்கும், புயலும் வரலாம்.

2. தண்ணீர்: திட்டம் முழுவதும் இதில்தான் நிற்கிறது. நாட்களைத் தூரத்தை வைத்துப் பிரிக்காமல் கிணறுகளை வைத்துப் பிரியுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வேண்டும்: குடிக்க 4, சமைக்க 1. இரண்டு நாளுக்கென்று சுமந்தால் தண்ணீர் மட்டுமே 10 கிலோ. கரையோரக் கிணறுகள் சில உவர். கொதிக்க வைத்தாலும் சாதாரண வடிகட்டியில் விட்டாலும் உப்புப் போகாது. அதனால் ஒவ்வோர் ஊரிலும், "குடிக்கிற தண்ணி எந்தக் கிணத்தில அள்ளுறனீங்கள்?" என்று கேட்டு நிரப்புங்கள். உடலில் நீர் வற்றாமல் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி பக்கெற்றும் நான்கைந்து பையில் இருக்கட்டும்.

3. நடை: நாளுக்கு 10 கிலோமீற்றர் போதும். இளகிய மணலில் உடல் ஏறக்குறைய இருமடங்கு உழைக்கும், ஆகவே அலை நனைத்து இறுகிய பட்டையில் நடவுங்கள். தெற்கே போகும்போது கடல் எப்போதும் இடப்பக்கம். சரிவில் இடது கால் தாழ்ந்தே இருப்பதால் முழங்கால் நோகத் தொடங்கும். மணிக்கொருமுறை மேலே சமதரையில் பத்து நிமிடம் நடந்தால் குறையும். காலை 5.30 முதல் 9.30 வரை, பிறகு மாலை 3.30க்குப் பின். கரைவலை இழுப்பவர்களைக் கண்டால் இறுகிய கயிற்றைத் தாண்டாதீர்கள். அவர்கள் சொல்லும் பக்கத்தால் சுற்றிப் போங்கள்.

4. மிதிவெடி: இது போர் நடந்த மண். பற்றைக்காட்டுக்குள், ஆளில்லாத காணிக்குள் ஒதுங்கவும் போகாதீர்கள். மண்டையோட்டுப் பலகை இல்லையென்பதால் அந்த இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. கரையும் ஊரவர் நடக்கும் பாதையும் மட்டுமே உங்களுக்கு.

5. கூடாரம்: இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் அலை ஒதுக்கிய குப்பைக் கோட்டுக்கு மேலே, அடம்பன் கொடி தொடங்கும் விளிம்பில் அடியுங்கள். சாதாரண முளை மணலில் நிற்காது. சொப்பின் பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, 40 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதையுங்கள். மீன்பிடி வாடிகளுக்குப் பக்கத்தில் என்றால் முதலில் கேளுங்கள், பெரும்பாலும் நல்ல இடத்தை அவர்களே காட்டுவார்கள்.

6. சாப்பாடு: அவல், பொரிமா, பருப்பு, மாசிச் சம்பல்.

7. ஒத்திகை: புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன் 10 கிலோ பையுடன் வெள்ளவத்தையிலிருந்து கல்கிசை வரை கரையால் நடந்து பாருங்கள். செருப்பு எங்கே உரசுகிறது, பை எங்கே அறுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

8. அறிவித்தல்: பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒன்று, பருத்தித்துறைப் பொலிசில் ஒன்று கொடுங்கள். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அவசரத்துக்குப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. சொன்ன நேரத்துக்கு மூன்று மணி நேரம் பிந்தினால் தேடத் தொடங்கும்படி வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.