40,000 தொகுப்பு என்றால் என்ன அர்த்தம்? விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் தமிழ் விக்கிப்பீடியாவில் உட்காருவது பல வருஷப் பழக்கம். எங்கள் பக்கத்திலிருந்து புதிதாக எழுத வருகிற பிள்ளைகள் சிலர் என்னிடம் சந்தேகம் கேட்பார்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்று: "அண்ணா, அவர் 40,000 தொகுப்பு செய்தவர். எனக்கு வெறும் 26. அவர் எழுதினதில் நான் எப்படிக் கை வைப்பது?"

இதற்குப் பயந்தே நல்ல விஷயம் தெரிந்த பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடுவோம். தொகுப்பு என்பது ஒரு பக்கத்தில் நாம் செய்து பதிகிற மாற்றம். பதிப்பிடும் பொத்தானை நீங்கள் ஒரு தடவை அழுத்தினால் ஒன்று. அவ்வளவுதான். ஒரு காற்புள்ளி வைத்து அழுத்தினாலும் ஒன்று, மூன்று நாள் உட்கார்ந்து ஒரு முழுக் கட்டுரையை எழுதி ஒரே தடவையில் பதிந்தாலும் ஒன்று. முன்தோற்றம் எத்தனை முறை பார்த்தாலும் கணக்கில் வராது. பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி விவாதிக்கிற பக்கம்) "நன்றி" என்று எழுதுவது, உங்கள் பயனர் பக்கத்தில் உங்களைப் பற்றி எழுதுவது, மணல்தொட்டியில் பழகிப் பார்ப்பது எல்லாமே எண்ணப்படும். உள்நுழையாமல் செய்தது உங்கள் கணக்கில் ஏறாது. தமிழில் செய்தது தமிழில், ஆங்கிலத்தில் செய்தது ஆங்கிலத்தில் என்று ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கணக்கு. இங்கே 12 என்று நிற்கிறவர் வேறொரு மொழியில் பல்லாயிரம் செய்தவராக இருக்கலாம்.

ஆளுக்கு ஆள் பழக்கமும் வேறு. எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் கைப்பேசியில்தான் தட்டச்சு செய்வார். எழுதினது போய்விடுமோ என்ற பயத்தில் பத்திக்கு ஒரு தடவை பதிவார். அவர் ஒரு கட்டுரை எழுதினால் 50, 60 தொகுப்பு ஏறும். இன்னொருவர் எல்லாவற்றையும் வெளியே எழுதி வைத்துக் கடைசியில் ஒட்டுவார், அவருக்கு ஒன்றுதான். உழைப்பு இரண்டு பேருக்கும் சமம். பகுப்பு (கட்டுரையை வகைப்படுத்தும் பெயர்) சேர்க்க ஹாட்கேட் என்று ஒரு கருவி இருக்கிறது, ஓரிரு சொடுக்கில் ஒரு தொகுப்பு முடிந்துவிடும். ஒரே எழுத்துப்பிழையை வரிசையாக நூற்றுக்கணக்கான பக்கங்களில் மாற்றும் கருவிகளும் உண்டு. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் துப்புரவு வேலை நடக்காவிட்டால் கட்டுரைகளைத் தேடி எடுக்கவே முடியாது. ஆனால் அதில் வரும் ஆயிரமும், ஆவணம் தேடி எழுதியதில் வரும் ஆயிரமும் ஒன்றல்ல.

எங்கள் தொழிலில் கொலுசு கைக்கு வந்தால் சலங்கையை எண்ணி மதிப்புப் போட மாட்டோம். தராசில் வைப்போம், டச் பார்ப்போம், அதாவது வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று பார்ப்போம். விக்கியில் அந்த டச் பார்க்கிற இடம் பயனரின் பங்களிப்புகள் பக்கம்.

எப்படிப் போவது? கட்டுரையின் மேலே 'வரலாறு' என்று இருக்கும். அதைத் திறந்தால் யார் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'பங்களிப்புகள்' என்ற இணைப்பு. அழுத்துங்கள். 50 வரி வரும். அந்த 50 வரியைப் படிக்க ஐந்து நிமிஷம் போதும்.

வரியில் பச்சையிலோ சிவப்பிலோ ஓர் எண் இருக்கும். எத்தனை பைட்டு (கணினியில் எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) கூடியது, குறைந்தது என்பது அது. தமிழில் இதைப் படிப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் எழுத்து, அதன் மேல் புள்ளி, கால், கொம்பு, சுழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 3 பைட்டு. 'சேலம்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதினால் 5. தமிழில் ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளி என்று ஐந்து குறிகள், ஆக 15. 'ஏற்காடு' 21. இடைவெளிக்கு 1. யாராவது +3,000 என்று சேர்த்திருந்தால் பெரிய கட்டுரை என்று மலைக்க வேண்டாம், ஓரிரு பத்திதான். இன்னொன்று, +6 என்று வந்தால் அநேகமாக ஒற்று போட்டிருப்பார்கள். 'காப்பி தோட்டம்' என்பதைக் 'காப்பித் தோட்டம்' ஆக்கினால் 'த்' ஒன்று கூடும், அது 6 பைட்டு. வரிசையாக +6, +6, −6 என்று பார்த்தால் அவர் சந்திப்பிழை பார்க்கிற ஆள் என்று வேறுபாட்டை (என்ன மாறியது என்று காட்டும் பக்கம்) திறக்காமலே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரே அடியாக +15,000, தொகுப்புச் சுருக்கமும் (என்ன மாற்றினோம் என்று எழுதும் சிறு குறிப்பு) இல்லை, மேற்கோளும் (ஆதாரம்) இல்லை என்றால் கட்டாயம் திறந்து பாருங்கள். நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து வலையில் தேடுங்கள். வேறு தளத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சுருக்கம். 'ஆண்டு சரிசெய்தேன், மேற்கோள் சேர்த்தேன்' என்று இரண்டு வார்த்தை எழுதி வைக்கிறவர் தனக்குப் பின்னால் வருகிறவரை நினைக்கிறார். அப்புறம், மேலே 'பெயர்வெளி' (பக்கத்தின் வகை) என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதில் 'பேச்சு' என்று மாற்றிப் பாருங்கள். கேள்வி கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லியிருக்கிறாரா, எப்படிச் சொல்லியிருக்கிறார்? ஒருவரைப் பற்றி எனக்கு அதிகம் சொல்வது இந்த இடம்தான். நீக்கப்பட்ட பக்கங்களில் செய்தவை இந்தப் பட்டியலில் தெரியாது. ஆனால் மொத்த எண்ணிக்கை அதற்காகக் குறையாது. அதனால் இரண்டும் பொருந்தவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்டது ஒரு தப்பு செய்துதான். ஏற்காட்டில் இருக்கும் கிளியூர் அருவி என்று போட்டு ஒரு படம் இருந்தது. ஒருவர் அதை எடுத்துவிட்டார். சுருக்கம் எழுதவில்லை. அவருடைய எண்ணிக்கை 3. நான் அப்போது 11,000 தாண்டியிருந்தேன். விளையாட்டாக அழிக்கிறார் என்று நினைத்து மீளமைத்தேன், அதாவது பழையபடி திரும்ப வைத்தேன். மறுநாளும் எடுத்தார், மறுபடியும் மீளமைத்தேன். அப்புறம் பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: "ஐயா, ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால்தான் கிளியூரில் இப்படித் தண்ணீர் விழும். படத்தில் ஏப்ரல் மாதத் தேதி இருக்கிறது. பாறையும் எங்கள் பாறை இல்லை. ஒருமுறை வந்து பாருங்கள்."

அன்றுதான் அவருடைய பங்களிப்புகளைத் திறந்தேன். அந்த மூன்றில் இரண்டு கொட்டச்சேடு ஊர்ப் பெயரில் இருந்த எழுத்துப்பிழையைத் திருத்தியது. தோட்டத்தில் வேலை பார்க்கிற, அந்த மலையிலேயே பிறந்த மனிதர். இதைப் பார்க்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. நான் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி மேலே போனேன். ஏரியிலிருந்து நடந்து இறங்கி, கைப்பேசியில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அருவிக்கு எதிரே நின்றேன். பாறையின் வடிவமே வேறு. வீட்டுக்கு வந்ததும் படத்தை எடுத்தேன், பேச்சுப் பக்கத்தில் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க" என்று ஒரு வரி எழுதினார்.

சரி, அப்படியானால் எண்ணிக்கைக்கு வேலையே இல்லையா? உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக்கணக்கு 4 நாளும் 10 தொகுப்பும் கடந்தால்தான் ஓரளவு காக்கப்பட்ட பக்கங்களைத் தொட முடியும். சர்ச்சை அதிகமான சில பக்கங்களுக்கு 30 நாளும் 500 தொகுப்பும் வேண்டும். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் 2021 அறங்காவலர் தேர்தலில் தொகுப்பாளராக ஓட்டுப் போட 300 தொகுப்பு கேட்டார்கள். ஒரே ஆள் பத்துக் கணக்கு திறந்து கலாட்டா செய்வதைத் தடுக்க இது உதவுகிறது. இந்த ஆள் கொஞ்ச காலம் இருந்து பழகியிருக்கிறார் என்ற அளவுக்கு எண்ணை நம்பலாம். அவர் சொல்கிற தகவல் சரியா என்பதற்கு அடிக்குறிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் சொந்த எண்ணிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. போட்டி நடக்கும்போது ஒரு வாக்கியத்தை நாலாக வெட்டி நாலு தடவை பதிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். வரலாறு நீண்டுபோய், உண்மையான மாற்றம் எது என்று தேடுகிறவருக்குக் கண் வலிக்கும். முன்தோற்றம் பாருங்கள், ஒரு பத்தியை முடித்துப் பதியுங்கள், சுருக்கம் எழுதுங்கள். கைப்பேசியில் எழுதுகிறவர்கள் மட்டும் பயமிருந்தால் அடிக்கடி பதிந்துகொள்ளுங்கள், அதில் தவறே இல்லை. 40,000 தொகுப்புக்காரர் எழுதியதில் ஆண்டு தப்பு என்று உங்களிடம் ஆதாரம் இருந்தால், அந்த 26-ஐ வைத்துக்கொண்டே திருத்துங்கள். மீளமைத்தால் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அங்கேயும் தீராவிட்டால் ஆலமரத்தடியில் (தமிழ் விக்கிப்பீடியாவின் பொது விவாதப் பக்கம்) எழுதுங்கள், நாலு பேர் வந்து பார்ப்பார்கள்.

கிளியூர் படத்தை எடுத்தவரின் கணக்கு இப்போது 58. போன வாரம் அவருடைய பங்களிப்புகளைப் பார்த்தபோது மேல் வரியில் பச்சையில் +22 இருந்தது. 21-ம் ஓர் இடைவெளியும். வேறுபாட்டைத் திறந்தேன். மிளகு பற்றிய பக்கத்தில், விளைகிற இடங்களின் வரிசையில், ஏற்காடு என்று சேர்த்திருந்தார். பக்கத்திலேயே சுருக்கமும் எழுதியிருந்தார்: "எங்கள் ஊர் விட்டுப்போயிருந்தது."