ஆங்கில எதிர்ச்சொல்: இன், இம், இல், இர்

நான்கும் ஒரே முன்னொட்டுதான். அடுத்து வரும் எழுத்துக்கேற்ப ‘இன்’ திரிகிறது. நம் மரம், ‘கள்’ சேர்ந்ததும் மரங்கள் ஆவதைப் போல. பி, எம் முன் ‘இம்’ (இம்பாசிபிள், இம்மெச்சூர்), எல் முன் ‘இல்’ (இல்லீகல்), ஆர் முன் ‘இர்’ (இர்ரெகுலர்). ஆகவே இல்லீகலின் தொடக்கத்தில் இரண்டு எல், இர்ரெகுலரின் தொடக்கத்தில் இரண்டு ஆர். தேர்வில் பலர் ஒன்றை விழுங்கிவிடுகிறார்கள். எதிர்ப்பொருள் தரும் இன்னொரு முன்னொட்டான ‘அன்’ இப்படி வளையாது: அன்ரியல், அன்லாஃபுல், அன்பாப்புலர்.

கவனம் தேவைப்படுவது இங்கேதான். ‘இன்’ வந்தாலே எதிர்ப்பொருள் என்று எண்ண வேண்டாம். இன்ஃபிளேமபிள் என்றால் எளிதில் தீப்பற்றுவது. ஃபிளேமபிளுக்கும் அதே பொருள். தீப்பற்றாதது நான்ஃபிளேமபிள். பெயின்ட், தின்னர் டப்பாக்களில் இதைத் தவறாகப் படித்தால் ஆபத்து. இன்வேல்யூவபிள் என்பது விலைமதிப்பற்றது; மதிப்பே இல்லாததற்கு வொர்த்லெஸ்.

நான்சென்ஸ் (அபத்தம்) என்பதன் எதிர்ச்சொல் வெறும் சென்ஸ். ஒருவர் முகத்துக்கு நேரே ‘நான்சென்ஸ்’ என்றால் திட்டுவதாகவே படும். அலுவலகத்தில் ‘தட் டஸன்ட் மேக் சென்ஸ் டு மீ’ என்பது போதும்.